முடியலையா, மனசில்லையா?

பியர்டன் என்ற மனிதரைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் நமக்குச் சொல்லும் விவரங்களை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். ஜார்ஜியா மாநிலத்துக்காரர். 1980ல் புகுந்து திருடியது, திருட்டுப் பொருளை வாங்கியது என்று இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டவர். முதல் தடவை தப்பு செய்தவர்களுக்கென்று அங்கே இருந்த சட்டப்படி அவரை உடனே சிறைக்கு அனுப்பாமல் மூன்று ஆண்டு ப்ரொபேஷனில் விட்டார்கள். நம் ஊரில் நன்னடத்தைக் கண்காணிப்பு என்று எழுதுவோம். வெளியே இரு, ஆனால் சொன்னபடி இரு. நிபந்தனைகளில் ஒன்று பணம்: 500 டாலர் அபராதம், 250 டாலர் நஷ்டஈடு. அன்றைக்கே 100, மறுநாள் 100, மீதி 550ஐ நான்கு மாதத்துக்குள் கட்ட வேண்டும்.

முதல் 200 டாலரை அப்பா அம்மாவிடம் கடன் வாங்கிக் கட்டினார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வேலை போனது. ஒன்பதாம் வகுப்பு வரை போனவர், ஆனால் படிக்கத் தெரியாது. திரும்பத் திரும்ப வேலை தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. கெடு முடிய இருந்த 1981 பிப்ரவரியில், ப்ரொபேஷன் அலுவலகத்துக்குத் தானே முன்கூட்டித் தகவல் சொன்னார்: வேலை கிடைக்கல, பணம் கட்டத் தாமதமாகும். மே மாதம் அரசுத் தரப்பு மனுப் போட்டது. நீதிமன்றம் ப்ரொபேஷனை ரத்து செய்து, மூன்றாண்டில் மிச்சமிருந்த காலம் முழுவதையும் சிறையில் கழிக்கச் சொன்னது.

பாக்கி 550 டாலர்.

'பியர்டன் எதிர் ஜார்ஜியா' வழக்கின் தீர்ப்பு 1983 மே 24ல் வந்தது. எழுதியவர் சாண்ட்ரா டே ஓ'கானர், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. பணம் கட்டாததற்காக மட்டும் ஒருவரை, ஏன் கட்டவில்லை என்று விசாரிக்காமல், சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் படிப்பவர்கள் இதை ஏழைகளின் பக்கம் நிற்கும் தீர்ப்பு என்று பாடம் செய்வார்கள். நான் சட்டம் படித்தவனில்லை. கதை வாசிப்பவனாகத்தான் இதற்குள் போனேன். சில ஆண்டுகளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். ஒவ்வொரு தடவையும் என் மரியாதை கூடுகிறது, சந்தேகமும் கூடவே கூடுகிறது.

முதலில் மரியாதை. ஓ'கானரின் உரைநடையில் அலங்காரம் கிடையாது. அப்பா அம்மாவிடம் கடன் வாங்கினார் என்பதை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம், சட்டக் கேள்விக்கு அது தேவையே இல்லை. கட்டினார் என்றால் போதும். ஆனால் அந்த ஒரு தகவலில்தான் ஒரு குடும்பம் தெரிகிறது. எங்கோ ஒரு சமையலறையில் யாரோ டப்பாவைத் திறந்து எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாது என்பதும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பையும் எழுத்தறியாமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எந்த விமர்சனமும் இல்லாமல் நகர்ந்துவிடுகிறார். ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிய முழுக் கதையே அந்த இடைவெளியில் கிடக்கிறது. நம்மூர் யதார்த்தவாதச் சிறுகதைக்காரர்கள் இருபது பக்கம் எழுதியிருப்பார்கள்.

சந்தேகம் ஒரு சொல்லைப் பற்றியது. நிபந்தனையை மீறியது 'வேண்டுமென்றே'வா என்று நீதிபதி பார்க்க வேண்டுமாம். பணமிருந்தும் கட்ட மறுத்தாரா, அல்லது பணம் புரட்டச் சட்டத்துக்கு உட்பட்ட வழியில் போதுமான அளவு நேர்மையாக முயற்சி செய்யாமல் இருந்தாரா? இந்த இரண்டில் ஒன்று என்றால் சிறைக்கு அனுப்பலாம்.

தமிழில் யோசித்தால் இந்தக் கேள்வி எவ்வளவு வழுக்கலானது என்பது தெரிகிறது. 'முடியாது' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாது" என்றால் இயலாமை. "முடியாதுன்னா முடியாது, என்ன பண்ணுவே?" என்றால் மறுப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'மாட்டேன்' என்றால் சந்தேகமில்லை, அது மனசு. 'முடியல' என்றால் அதுவும் சந்தேகமில்லை, அது உடம்பு, இல்லையென்றால் பர்ஸ். ஆனால் நெருக்கடியில் மாட்டிக்கொண்டவன் வாயில் பெரும்பாலும் நடுவில் இருக்கிற இந்த 'முடியாது'தான் வரும். மானம் பார்ப்பவன் 'முடியல'வை 'முடியாது' என்று சொல்லுவான். இல்லாமையை ஒத்துக்கொள்வதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது பலருக்குச் சுலபம். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார் என்பது அவர் முகத்தையும் அன்றைய வெயிலையும் பொறுத்தது.

என் அம்மா தெருவில் சீட்டுப் பிடித்தவள். மாதச் சீட்டு, இருபது பேர். பணம் தராமல் இழுத்தவர்களிடம் அவள் கேட்கும் கேள்வி எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது: "முடியலையா, மனசில்லையாடி?" பதிலை அவள் காதால் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கண்ணால்தான் பார்ப்பாள். கொடியில் புதுச் சேலை காய்கிறதா, பிள்ளை காலில் செருப்பு புதுசா, தலையில் பூ இருக்கிறதா. ஒரு தடவை ஒரு அக்கா மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்து, "இந்த மாசம் முடியலக்கா" என்று சொன்னபோது அம்மா சொன்னது: "பூவுக்கு மட்டும் முடியுதோ?" அந்த அக்காவுக்கு அன்றைக்கு என்ன விசேஷமோ, பூ யார் கொடுத்ததோ, யாரும் கேட்கவில்லை. அம்மா கொடுமைக்காரி இல்லை. அவளுக்கும் மாதக் கடைசியில் பத்தொன்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2014ல் என்.பி.ஆர். வானொலி இந்த நீதிமன்றக் கட்டணங்களைப் பற்றி ஒரு தொடர் வெளியிட்டது. அதில் வாஷிங்டன் மாநிலத்து நீதிபதி ஒருவர், வருபவரால் கட்ட முடியுமா என்பதைத் தான் எப்படிக் கணிக்கிறார் என்று விளக்கினார். விலை உயர்ந்த ஜாக்கெட் போட்டிருக்கிறாரா, கையில் பச்சை குத்தியிருக்கிறாரா என்பதையெல்லாம் பார்ப்பாராம். படித்ததும் சிரித்துவிட்டேன். மல்லிகைப்பூ! பியர்டன் தீர்ப்பு வந்து முப்பது ஆண்டு கழித்து, அதன் 'வேண்டுமென்றே' ஒரு நீதிமன்ற அறைக்குள் இந்த வடிவத்தில் வந்து நின்றது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மனசை அளக்கச் சொல்லிவிட்டுக் கையில் அளவுகோல் கொடுக்காவிட்டால், மனிதன் எதிரே தெரிவதைத்தான் அளப்பான்.

தீர்ப்பின் நடுப்பகுதியில் ஓ'கானர் அரசுத் தரப்பின் மூன்று வாதங்களை எடுத்துக்கொள்கிறார். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்கச் சிறை மிரட்டல் வேண்டும் என்பது முதல் வாதம். இல்லாதவனைச் சிறையில் போட்டால் திடீரென்று பணம் முளைக்காது என்கிறார். அதோடு, சிறைக்குப் பயந்து ஒருவன் பணத்துக்காகத் திருடப் போகலாம், தடுக்க நினைத்ததையே இது உண்டாக்கிவிடும் என்கிறார். இரண்டாவது வாதம், இல்லாதவன் மறுபடி குற்றம் செய்வான், அதனால் சமூகத்தைக் காப்பாற்ற அவனை உள்ளே வைக்க வேண்டும் என்பது. இங்கேதான் அவருடைய குரல் உயர்கிறது. ஏழ்மையே குற்றத்துக்கு அடையாளம் என்பதுதானே இது, வேறென்ன இருக்கிறது இதில் என்ற தொனி. மூன்றாவது, தண்டிக்கும் உரிமை. அது நியாயம்தான், ஆனால் தவணையை நீட்டலாம், தொகையைக் குறைக்கலாம், பொது வேலை செய்ய வைக்கலாம் என்று சட்டென்று முடித்துவிடுகிறார்.

பணத்துக்காகத் திருடப் போகலாம் என்ற அந்த வரியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ழான் வல்ழான் ஞாபகம் வந்துவிடும். விக்டர் ஹ்யூகோவின் 1862ஆம் ஆண்டு நாவல். சுத்தானந்த பாரதியார் தமிழில் 'ஏழை படும் பாடு' ஆக்கினார். 1950ல் அதே பெயரில் கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அதில் விடாமல் துரத்தும் போலீஸ்காரர் ஜாவராக நடித்த சீதாராமன் கடைசிவரை ஜாவர் சீதாராமன்தான். துரத்தப்பட்டவன் பெயர் எந்த நடிகருக்கும் ஒட்டவில்லை, துரத்தியவன் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ் ரசிகனின் ருசியைப் பற்றி இதிலிருந்து ஏதாவது முடிவுக்கு வர முடியுமா என்று யோசித்திருக்கிறேன், முடியவில்லை.

வல்ழான் 1815ல் பத்தொன்பது ஆண்டு சிறை முடிந்து வெளியே வருகிறான். கையில் மஞ்சள் பாஸ்போர்ட். ஆபத்தான ஆள் என்று அதில் எழுதியிருக்கிறது. போக வேண்டிய ஊரும் வழியும்கூடக் குறிக்கப்பட்டிருக்கிறது: போந்தர்லியே. இன்றைய சொல்லில் இதெல்லாம் நிபந்தனைகள். வழியில் ஒரு வடிசாலையில் மூட்டை இறக்கும் வேலை கிடைக்கிறது. நன்றாகத்தான் செய்கிறான். நடுவில் போலீஸ்காரர் வந்து காகிதத்தைக் கேட்கிறார், காட்டுகிறான். சாயங்காலம் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த கூலியைக் கையில் திணிக்கிறார்கள். கேட்டால், உனக்கு இது போதும் என்கிறார்கள். ஓ'கானரின் சோதனையை இவன்மேல் போட்டுப் பாருங்கள். சட்டத்துக்கு உட்பட்ட வழியில் போதுமான முயற்சி செய்தானா? செய்தான். அந்த முயற்சி ஏன் பலிக்கவில்லை? சட்டம் கொடுத்த காகிதத்தினால்.

பிறகுதான் அந்தச் சிறுவனின் நாணயம். பெத்தி ழெர்வே என்ற பையன் தூக்கிப் போட்டு விளையாடிய நாற்பது சூ நாணயம் உருண்டு வந்து வல்ழான் பக்கம் விழுகிறது. அவன் அதன்மேல் காலை வைத்துவிடுகிறான். பையன் கெஞ்சுகிறான், அழுகிறான், இவனுக்குக் காதில் ஏறவே இல்லை. பையன் பயந்து ஓடிய பிறகு நாணயம் கண்ணில் படுகிறது, பதறிப்போய்த் தேடி ஓடுகிறான். பையன் கிடைக்கவில்லை. இந்த நாற்பது சூவினால்தான் அவன் வாழ்நாள் முழுக்கத் தேடப்படும் பழைய குற்றவாளி ஆகிறான். சட்டத்தின் கண்ணில் இது வழிப்பறி.

வேண்டுமென்றே செய்தானா? ஹ்யூகோ நாவலாசிரியர், பாத்திரத்தின் மண்டைக்குள் இறங்கிப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. எந்த நீதிபதிக்கும் அது கிடையாது. இறங்கியும் பார்க்கிறார். திருடியது அவனில்லை, அவனுக்குள் சிறை வளர்த்த மிருகத்தின் பழக்கம்தான் என்பதுபோல ஏதோ சொல்கிறார். ஆனால் முழுசாக விடுவிக்கவும் அவருக்கு மனமில்லை. கால் அவனுடையதுதானே? பக்கம் பக்கமாகச் சுற்றுகிறார், அவன் அழுகிறான். கேள்வி அப்படியே இருக்கிறது. எல்லாம் தெரிந்த கதைசொல்லிக்கே பிடிபடாத ஒன்றை, அரைமணி நேர விசாரணையில் ஒரு மாவட்ட நீதிபதி எப்படிக் கண்டுபிடிப்பார்?

இலக்கியத்தைக் கொண்டுவந்து சட்டத்தை அடிக்கிறேன் என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் கோபித்துக்கொண்டார். "நீதிபதிக்கு மனசு தெரிய வேண்டியதில்லைங்க, கேள்வி கேட்டாப் போதும். கேட்காம அனுப்புறதுக்கும் கேட்டு அனுப்புறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்" என்றார். ஒப்புக்கொள்கிறேன். பியர்டனுக்கு முன் கீழ் நீதிமன்றம் அந்தக் கேள்விக்கு எந்த முடிவும் சொல்லாமல்தான் அவரை உள்ளே அனுப்பியது. கேள்வியைக் கட்டாயமாக்கியதே பெரிய காரியம்.

ஆனால் தீர்ப்பைக் கடைசிவரை படியுங்கள். வழக்கு ஜார்ஜியாவுக்கே திரும்பிப் போகிறது. பியர்டன் போதுமான முயற்சி செய்யவில்லை என்று அங்கே முடிவானால் சிறைக்கு அனுப்பலாம். சரி. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவு திறந்திருக்கிறது: முயற்சி செய்திருந்தாலும், வேறு எந்த மாற்றுத் தண்டனையும் போதாது என்று முடிவானால், அப்போதும் அனுப்பலாம். அதாவது வேண்டுமென்றே மீறவில்லை என்று நிரூபணமானவர்கூட உள்ளே போகலாம். இந்த இரண்டாவது கதவைப் பற்றி, தீர்ப்பைப் புகழ்பவர்கள் அதிகம் பேசுவதில்லை.

ஓர் அடிக்குறிப்பும் இருக்கிறது. மீறலில் தவறே இல்லாதவரையும் மற்ற சந்தர்ப்பங்களில் ப்ரொபேஷனிலிருந்து விலக்கலாம் என்கிறது அது. உதாரணம், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை விடவே முடியாத ஒருவர். அவரை வெளியே விட்டுவைப்பது பொறுப்பின்மை ஆகலாம். நியாயமான பேச்சுதான், ரோட்டில் போகிறவர்களையும் பார்க்க வேண்டுமே. ஆனால் இதைப் படித்த பிறகு மேலே உள்ள பிரதியே வேறு மாதிரி தெரிகிறது. 'வேண்டுமென்றே' என்பது இங்கே பொதுவான நீதிக் கொள்கை இல்லை. பணம் என்ற ஒரே ஒரு விஷயத்துக்குக் கொடுத்த சலுகை. குடிநோயாளியின் 'முடியல'வுக்கு அந்த மரியாதை இல்லை.

இந்த இடத்தில் பைரன் வைட் எழுதிய தனிக் கருத்தை நான் சிபாரிசு செய்வேன். முடிவில் உடன்பட்டு, காரணத்தில் வேறுபடுகிறார். மூன்று பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஆகவே பியர்டனை அப்படியே அனுப்பியது தப்பு என்பதில் ஒன்பது பேரும் ஒன்று. வைட் இரக்கமில்லாதவர் போலத் தெரிவார். ஏழை என்பதற்காகத் தண்டனையிலிருந்து தப்ப முடியாது, அபராதத்துக்கு ஏறக்குறைய ஈடான சிறை நாட்களை விதிக்கலாம், இங்கே தப்பு என்னவென்றால் அந்தச் சிறு தொகைக்கும் இந்த நீண்ட சிறைக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவர் வாதம். எனக்கு அது உவப்பாக இல்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அவர் பியர்டனின் மனசுக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்படவில்லை. தொகையைப் பார்க்கிறார், நாட்களைப் பார்க்கிறார், பொருந்தவில்லை என்கிறார். ஓ'கானரின் வழியில் ஏழை தன் பையைக் காட்டினால் போதாது, குணத்தையும் காட்ட வேண்டியிருக்கிறது. நல்ல ஏழை என்று பெயர் எடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுக்கு முன்பே, 1980ல், நம்முடைய உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் இதே மாதிரி ஒரு கேள்வியைச் சந்தித்தார். 'ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின்'. அது குற்ற வழக்கு இல்லை, வங்கிக் கடன். கடன் கட்டாதவரைக் கைது செய்து சிறையில் வைக்கலாமா? கிருஷ்ணய்யரின் ஆங்கிலம் ஓ'கானருக்கு நேர் எதிர், திருவிழாத் தேர் மாதிரி ஆடி அசைந்து வரும். சில வாக்கியங்களை இரண்டு தடவை படித்தால்தான் எழுவாயைப் பிடிக்கலாம். ஆனால் அவர் கேள்வியைத் திருப்பி வைக்கிறார். கட்டவில்லை என்பது போதாது, கட்டுவதில் அசட்டை என்பதும் போதாது. இப்போது கையில் வசதி இருக்க வேண்டும், அல்லது வசதி இருந்த காலத்தில் கெட்ட எண்ணத்தோடு ஏய்த்திருக்க வேண்டும். சர்வதேச உடன்படிக்கையை இழுக்கிறார், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை இழுக்கிறார். தேடப்படுவது ஏழையின் நேர்மை இல்லை, கடனாளியின் மோசடி. அது கிடைக்காவிட்டால் அவர் வீட்டுக்குப் போகலாம்.

இரண்டும் ஒரே கேள்விதானே என்று தோன்றும். இல்லை. ஒன்றில் மௌனம் கடனாளிக்குச் சாதகம், மற்றொன்றில் பாதகமாகிவிடலாம். ஏன் கட்டவில்லை என்று விசாரிக்கும் கடமையை ஓ'கானர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தார். யார் நிரூபிக்க வேண்டும் என்பதை அதே தெளிவோடு வகுக்கவில்லை. போதுமான முயற்சி என்றால் எத்தனை வாசல் ஏறி இறங்கினால் போதும் என்பதையும் சொல்லவில்லை.

மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் ஊரைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2015ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பெண் வருகிறார். பெயர் இல்லை. 2007ல் வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்காக 151 டாலர் அபராதமும் கட்டணங்களும். கையில் பணமில்லாதவர். நீதிமன்றத்துக்கு வரவில்லை, பணம் கட்டவில்லை என்று குற்றங்கள் மேலே ஏறிக்கொண்டே போயின. இரண்டு தடவை கைது, ஆறு நாள் சிறை. நடுவில் 25 டாலரும் 50 டாலருமாக இரண்டு தடவை கட்டப் பார்த்திருக்கிறார். முழுசாகக் கட்டினால்தான் வாங்குவோம் என்று நீதிமன்றம் அந்தப் பணத்தைத் திருப்பிவிட்டது. 2014 டிசம்பர் கணக்குப்படி அவர் கட்டியது 550 டாலர், இன்னும் பாக்கி 541.

அந்த 550ஐப் பார்த்ததும் பியர்டன் ஞாபகம் வந்தது, தற்செயல்தான். ஆனால் திருப்பி அனுப்பப்பட்ட 25 டாலரை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது? முயற்சி இல்லையென்றால் அது என்ன?

2011ல் 'டர்னர் எதிர் ரோஜர்ஸ்' என்று இன்னொரு வழக்கு அதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தென் கரோலினா, பிள்ளைக்கான ஜீவனாம்ச பாக்கி. வாரம் 51 டாலர் 73 சென்ட் என்று விதித்தது, ஏறி ஏறி 5,728 டாலர் 76 சென்ட் ஆகியிருந்தது. வக்கீல் இல்லாமல் நின்றார். நீதிபதி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பன்னிரண்டு மாதம் கொடுத்தார். உத்தரவுப் படிவத்தில், பணம் கட்டும் சக்தி இவருக்கு உண்டா இல்லையா என்று குறிப்பதற்கு அச்சடித்த ஓர் இடம் இருந்தது. அதில் எதையும் குறிக்காமல் வெறுமனே விட்டிருந்தார்கள்.